ஒரு கையின் சாட்சியம்

இலுப்பூர்க் கோயிலில் ஒரு மாலை. செபமாலைக்கு மக்கள் வந்து அமர்ந்திருந்தனர். பீடத்து மெழுகுவர்த்தியை ஏற்ற வந்த நம் கோயில்பிள்ளை, தீக்குச்சியைப் பெட்டியில் உரசினார். குச்சி விரலிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டாம் குச்சியும் விழுந்தது. மூன்றாவதை நாமே வாங்கி உரசிக் கொடுத்தோம். "அவசரம், வேற ஒண்ணுமில்ல சாமி" என்று அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றும் நம்மை உறுத்துகிறது. முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று அதே திரியை ஏற்றிவந்த கை, ஒரு குச்சிக்குத் தோற்றுப்போவதை நாம் கண்ணாரக் கண்டும் காணாதவராயிருந்தோம்.

சில வாரங்களில் சட்டைப் பித்தானும் சாவியும் அவருக்குப் பகையாயின. வலக்கையை விரித்துக் காட்டினார். பெருவிரலின் அடியில் இருக்கவேண்டிய சதைமேடு வற்றிக் குழியாகியிருந்தது. சுண்டுவிரல் பக்கத்து மேடோ இருந்தபடியே இருந்தது. ஒரே கையில் பாதி மேடும் பாதி பள்ளமும். இந்த ஏற்றத்தாழ்வையே மருத்துவர்கள் ஒரு முக்கியமான குறியாகக் கொள்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தோம்.

2023 மே மாதம், அவரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு, விராலிமலை வழியாகப் பேருந்து ஏறி, மாநகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். அங்கேதான் நரம்புக் கடத்தல் பரிசோதனை என்பதை முதன்முறை கண்டோம். பெருவிரல் தசையின்மேல் ஒரு சிறு வில்லையை ஒட்டுகிறார்கள். மணிக்கட்டில் மின்சாரத்தைச் சுண்டுகிறார்கள். பெருவிரல் துள்ளுகிறது, கணினித் திரையில் ஒரு சிறு குன்று எழுந்து அடங்குகிறது. குன்றின் உயரம் மில்லிவோல்ட்டில் சொல்லப்படுகிறது. பிறகு முழங்கையிலும் அதே சுண்டல். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவைத் துணி தைப்பவரின் நாடாவைப் போன்ற ஒன்றால் அளந்து, கால வித்தியாசத்தால் வகுத்து, நரம்பில் செய்தி ஓடும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். போலோஞாவின் கல்வானி இறந்த தவளையின் காலை மின்சாரத்தால் துள்ளவைத்து, அதைப் பற்றி 1791இல் நூல் வெளியிட்டதைக் குருமடத்தில் படித்திருக்கிறோம். ஆழ்ந்த பக்தியுடைய அந்த அறிஞரின் தவளை, நம் கோயில்பிள்ளையின் பெருவிரலாக நம் கண்முன் துள்ளும் என்று அன்று நினைத்தவர் யார்?

அன்று காகிதத்தில் வந்த எண்கள்: உயரம் 4.2 மில்லிவோல்ட், வேகம் நொடிக்கு 56 மீட்டர். ஊசியைத் தசையில் செலுத்தி வேறொரு சோதனையும் செய்தார்கள். முடிவில் சொல்லப்பட்ட பெயர், இயக்க நரம்பணு நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அணு மடிந்தால் அது ஆண்ட தசையும் வற்றுகிறது. பெரும்பாலோருக்குத் தொடுவுணர்வு கெடுவதில்லை. பலருக்கு அறிவும் தெளிவாகவே இருக்கிறது. ரிலுசோல் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். 1994இல் பிரான்சு நாட்டு ஆய்வொன்றில் பலன் தெரிந்து, 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டும், அவ்வளவே. "குணமாகுமா?" என்று அவர் மனைவி கேட்டதற்கு, அந்த இளம் மருத்துவர் நம் முகத்தைப் பார்த்தார். பதிலை நாம் சொல்லுவோம் என்று எதிர்பார்த்தார் போலும்.

ஊர் திரும்பியபின் உறவினர் யாரோ ஒருவர் பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவரின் சூரணத்தைப் பற்றிச் சொன்னார். மாதம் 4,000 ரூபாய். கோயில்பிள்ளையின் மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு என்பதைப் பங்குத்தளங்களின் வரவுசெலவு அறிந்தோர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகள் கடன் பட்டு வாங்கினார்கள். நாம் தடுக்கவில்லை. தடுத்து, அதற்கு ஈடாக எதைக் கொடுப்போம் என்ற தயக்கம் ஒருபுறம். உள்ளூர நமக்கும் ஒரு நப்பாசை மறுபுறம்.

டிசம்பர் தொடக்கத்தில் மறுசோதனை. விடியுமுன் புறப்பட்ட பேருந்தில் சன்னல் கண்ணாடி மூடவில்லை. பரிசோதனை அறையிலோ ஏ.சி. கடுமையாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பு இருந்தவர் அன்று இல்லை. வேறொருவர் வில்லைகளை ஒட்டினார். குன்று எழுந்தது. உயரம் 5.1. நான்கு புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி ஒன்றாக உயர்ந்திருந்தது! அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நமக்கும் கண் பனித்தது. காகிதத்தில் கீழே இருந்த மற்ற எண்களை நாம் படிக்கவில்லை. நமக்கு வேண்டிய எண் கிடைத்துவிட்டது.

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு என்பதை வாசகர் அறிவர். அந்த ஆண்டு அது டிசம்பர் 17. ரோசா நிறத் திருவுடையில் நின்று, மறையுரையின் நடுவே, நம் கோயில்பிள்ளையின் கை தேறிவருகிறது என்றும் மருத்துவமனைக் கருவியே அதைக் காட்டியிருக்கிறது என்றும் சொன்னோம். சூரணத்தின் பெயரை நாம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊருக்கே தெரியும். மக்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரம் நன்றித் திருப்பலி ஒன்றும் வைத்தோம்.

2024 பிப்ரவரியில் நமக்கு அறிமுகமான முதிய நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம், நற்செய்தியைச் சொல்லிவிட்டு வருவோம் என்ற எண்ணத்தில். அவர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கோயில்பிள்ளையிடம் காது நன்றாகக் கேட்கிறதா, இளவயதில் ஏதேனும் நோய் இருந்ததா என்று கேட்டார். நமக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. 1957இல் சென்னையில் மருத்துவர் மீனாட்சிசுந்தரம் முதலில் எடுத்துரைத்து, 1970இல் ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோருடன் சேர்ந்து விரித்தெழுதிய ஒரு வகை உண்டென்றும், உலக மருத்துவ நூல்கள் அதை 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே அழைக்கின்றன என்றும் சொன்னார். இளவயதிலேயே தொடங்கும், முகத்தசையும் தொண்டைத்தசையும் மெலியும், செவி மந்தமாகும், ஆனால் மிக மெதுவாக நடக்கும், பல்லாண்டு வாழ்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 36 ஆண்டுகளில் தாம் கண்ட 116 பேரைப் பற்றி 2008இல் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ப்பெயரை ஒரு நோய்க்குச் சூட்டியிருப்பதில் பெருமைப்படுவதா, வருந்துவதா என்று தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இத்தகைய மெதுவான நோயாளர் ஒருவர் தெரியாமல் ஒரு மருந்துச் சோதனைக்குள் வந்துவிட்டால், மருந்துதான் அவரைத் தாங்கிநிற்கிறது என்று எல்லோரும் எண்ணிவிடுவார்கள். திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் 1986 முதல் உறுப்பினராயிருந்த ஸ்டீபன் ஹாக்கிங் 1963இல் இந்நோய் கண்டு 2018 வரை வாழ்ந்தார். அவர் ஏதேனும் சூரணம் உண்டிருந்தால் அதற்கு இன்று எத்தனை கடைகள் இருக்கும்!

நம் கோயில்பிள்ளை அந்த வகையினர் அல்லர். மருத்துவர் இரண்டாம் காகிதத்தில் நாம் படிக்காமல் விட்ட எண்ணைச் சுட்டினார். வேகம் 47. முன்பு 56 ஆக இருந்தது. "ஃபாதர், கை தேறுதுன்னா நரம்போட வேகம் ஏன் இப்படிக் குறையணும்? இந்த நோயில மிஞ்சியிருக்கிற நரம்பு ரொம்ப நாள்வரைக்கும் பழைய வேகத்துலதான் ஓடும். அன்னைக்குக் கை சில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டார்.

இருந்தது. நாம் அதைத் தொட்டுப் பார்த்திருந்தோம், பேருந்திலேயே.

அவர் விளக்கியதை நம் மொழியில் சொல்லுகிறோம். நரம்பிழையிலும் தசையிழையிலும் மின்செய்தி ஓடுவது, சோடியம் என்னும் உப்புத்துகள் நுழையும் நுண்ணிய வாயில்கள் திறந்து மூடுவதால். குளிரில் அவ்வாயில்கள் மெதுவாக மூடுகின்றன. அதனால் செய்தி மெதுவாக ஓடுகிறது. ஒவ்வொரு இழையின் மின்னலையும் பெரிதாகி நீள்கிறது. தோலின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். குன்றோ உயர்ந்து காட்டும். ஆகவேதான் கை 32 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு அளக்கவேண்டும் என்பது அத்துறையின் விதி. வில்லையைச் சில மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் உயரம் மாறும். இருபத்திரண்டு சென்டிமீட்டர் நாடாவில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் வேகத்தில் இரண்டரை மீட்டர் பிசகிப்போகும்.

புதுக்கோட்டைச் சீமையில் கடலை விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும் இது புதிதன்று. தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி ஏமாற்றுகிறவனை எளிதில் பிடித்துவிடலாம். ஆனால் பனியில் நனைந்த கடலை மூட்டையைத் தராசில் வைத்தால், தராசும் பொய் சொல்லவில்லை, விற்பவனும் பொய் சொல்லவில்லை. எடை மட்டும் கூடிநிற்கும். நம் கோயில்பிள்ளையின் கை அன்று நனைந்த கடலையாயிருந்தது.

மருத்துவர் வெந்நீர் வரவழைத்து அவர் கையை அதில் வைக்கச் சொன்னார். வெப்பத்தை அளந்தார். பெருவிரல் மேட்டில் பேனாவால் குறியிட்டு, அவ்விடத்திலேயே வில்லையை ஒட்டினார். மூன்று முறை அளந்தார். வேகம் 55. உயரம் 3.3.

ஒன்பது மாதத்தில் 4.2 என்பது 3.3 ஆகியிருந்தது. சூரணம் ஒன்றும் செய்யவில்லை. நடுவில் வந்த 5.1 என்பது குளிரும், வேறொருவர் கையும், நம் ஆசையும் சேர்ந்து எழுதிய எண்.

"இதுகூட முழு உண்மை இல்ல" என்றார் மருத்துவர். ஒரு நரம்பணு மடிந்தால் அது ஆண்ட தசையிழைகள் அநாதையாகின்றன. அருகில் உயிரோடிருக்கும் நரம்பு புதுக்கிளை விட்டு அந்த இழைகளைத் தத்தெடுத்துக்கொள்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சித்தப்பன் வீட்டில் வளர்ப்பதைப் போல. ஆகவே பாதிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் மாண்டபின்னும் கையின் வலுவும் குன்றின் உயரமும் பெரிதாகக் குறையாமல் இருக்கக்கூடும். மிஞ்சியிருக்கும் நரம்புகள் எத்தனை என்று எண்ணிவிட்டால் நோயின் உண்மையான நடை தெரியுமே என்று மெக்கோமாசும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1971இல் ஒரு முறையை வகுத்தார்கள். பிறகு பல முறைகள் வந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்துச் சோதனைகளில் புள்ளியியல் வழி எண்ணும் முறை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதில் ஓர் இடர் வெளிப்பட்டது. தத்தெடுத்த புதுக்கிளைகள் உறுதியற்றவை. அதே நரம்பு ஒரு சுண்டலுக்குப் பெரிதாகவும் அடுத்த சுண்டலுக்குச் சிறிதாகவும் விடை சொல்லும். ஒருவரே இருவராகத் தோன்றினால் தலைக்கணக்கு என்ன ஆகும்? எண்ணிக்கை பிறழ்ந்தது, முறையைத் திருத்தவேண்டியதாயிற்று. 2004இல் நந்தேத்கர் குழுவினர் வேறொரு குறியீட்டு எண்ணைக் கொண்டுவந்தனர். அதில் மின்சுண்டல் குறைவு, நோயாளர்க்கு வலியும் குறைவு. ஆயினும் அளப்பவர்க்குப் பயிற்சி வேண்டும். ஒரே நோயாளரை ஒரே ஆள் அளக்கவேண்டும். இரண்டு முறை அளந்தால் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும்.

கருவி வேண்டாம், மனிதனையே கேட்போம் என்றாலும் சிக்கல் தீர்வதில்லை. தசை வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் தரும் முறை, இரண்டாம் உலகப் போரில் நரம்பறுந்த வீரர்களுக்காகப் பிரித்தானியாவில் வகுத்தது. அதில் 4 என்ற ஒரே எண்ணுக்குள், மருத்துவர் சற்றே எதிர்த்து அழுத்தினாலும் தளர்ந்துவிடும் கையும் அடங்கும், மரம் அறுக்கும் கைக்குச் சற்றே குறைந்த கையும் அடங்கும். இன்றைய சோதனைகளில் பெரிதும் கையாளப்படுவது 12 கேள்விகளும் 48 மதிப்பெண்ணும் கொண்ட படிவம். பேச்சு, உமிழ்நீர், விழுங்குதல், கையெழுத்து, உடுத்தல், படுக்கையில் புரளுதல், நடை, படியேறுதல், மூச்சு என்று போகும். அதில் ஒரு கேள்வி உணவைக் கத்தியால் வெட்டுவதைப் பற்றியும் கரண்டிகளைக் கையாளுவதைப் பற்றியும். நம் கோயில்பிள்ளை வாழ்நாளில் முட்கரண்டியைத் தொட்டவரல்லர். மருத்துவர் படிவத்தை மூடிவைத்துவிட்டு, "சோறு பிசைஞ்சு சாப்பிட முடியுதா?" என்று கேட்டார். "ரசஞ் சாதம்னா கஷ்டம் சாமி, வழியுது" என்று நம்மைப் பார்த்துச் சொன்னார் அவர்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்க்கு மருத்துவர் சொன்ன ஒரு கணக்கைச் சொல்லுகிறோம். அளவையின் சிதறல் இரு மடங்கானால், மருந்தின் பலனைக் கண்டறிய நான்கு மடங்கு நோயாளர் வேண்டும். காலத்தோடு போட்டியிடும் நோயாளரை நான்கு மடங்கு சேர்ப்பது எளிதா? சிறு கூட்டத்தை நம்பினாலோ வேறு விபரீதம். 2008இல் இத்தாலியில் 16 பேருக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்தார்கள். 15 மாதங்களில் அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. உலகெங்கும் நோயாளர்கள் தாமாகவே லித்தியம் உண்ணத் தலைப்பட்டார்கள். 2010 தொடங்கி வெளிவந்த பெரிய சோதனைகள், பலன் ஏதுமில்லை என்றன. நாம் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்ததற்கு அடுத்த மாதம், 2024 மார்ச்சில், அதே கதை மீண்டும் நடந்தது. 137 பேரிடம் பலன் தந்ததாகக் கருதப்பட்டு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த மருந்து ஒன்று, 664 பேரிடம் சோதித்தபோது வெறும் மருந்துக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்று தெரிந்தது. ஏப்ரலில் அந்நிறுவனம் மருந்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. அதில் நாம் ஒரு பெருந்தன்மையைக் காண்கிறோம். நமக்கு அது வாய்க்கச் சற்றுக் காலம் பிடித்தது.

ஏனெனில் மருத்துவரிடமிருந்து திரும்பிய வாரத்தில் ஒரு தாய் நம்மைப் பார்க்க வந்தார். அன்னவாசல் சாலையில் உள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். மகனுக்குப் பதினான்கு வயது. தசை நலிவு நோய், முற்றிலும் வேறொரு நோய். மகிழ்ச்சி ஞாயிறன்று நம் மறையுரையைக் கேட்டவர். காதுத் தோட்டை அடகு வைத்து மூன்று மாதத்துக்கான சூரணம் வாங்கிவிட்டார். அடுத்த தவணைக்குப் பங்கிலிருந்து ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். "சாமி சொன்னதுனாலதான் துணிஞ்சு வாங்கினேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நன்றியாகச் சொன்னார். வெறுமையான அந்தக் காதுமடலை ஏறிட்டுப் பார்க்க நமக்கு முடியவில்லை.

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாரைப் படித்து, அறிவு பொருளோடு ஒத்திருப்பதே உண்மை என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர் நாம். எட்டாம் கட்டளையைப் பற்றிச் சிறுவர்க்குப் பாடம் எடுப்பவரும் நாமே. பொய் சொன்னோமா? இல்லை. காகிதத்தில் 5.1 என்றுதான் இருந்தது. ஆனால் அதே காகிதத்தில் 47 என்றும் இருந்தது.

இவ்விடத்தில் லூர்து நகரை நினையாமல் இருக்க நம்மால் முடியவில்லை. அங்கே 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்குகிறது. குணமடைந்தேன் என்று வருபவரைக் கைதட்டி வரவேற்பதன்று அதன் பணி. சந்தேகப்படுவதே அதன் பணி. நோய் கடுமையானதா, குணம் திடீரென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா என்று, பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் ஆன லம்பெர்த்தீனி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த வரைமுறைகளைக் கொண்டு ஆராய்கிறார்கள். இயக்க நரம்பணு நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த நோயொன்றால் துன்புற்ற இத்தாலியப் பெண்மணி ஒருவர் 2009இல் லூர்துக்குச் சென்று நலம் பெற்றார். அவருடைய ஆயர் அதை அங்கு நிகழ்ந்த 72ஆம் புதுமையாக அறிவித்தது 2025 ஏப்ரல் 16 அன்று. பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். இதைப் படித்தபோது நமக்கு வியப்பைவிட வெட்கமே மிகுந்தது. நாம் காத்திருந்தது ஏறக்குறைய இரண்டு வாரம்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். கை தேறவில்லை, குளிரால் எண் மாறிற்று, அந்தச் சூரணத்தால் பலன் கண்டதாக யாரும் நம்ப வேண்டாம், நம் பேச்சை நம்பிப் பணம் இழந்தவர் பங்கு இல்லத்துக்கு வரவேண்டும் என்றோம். இம்முறை யாரும் கைதட்டவில்லை. சிலர் முகம் சுளித்ததையும் கண்டோம். நம்பிக்கையை ஏன் கெடுக்கவேண்டும் என்று பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர் நம்மிடம் நேரிலேயே கேட்டார். அவரை நாம் குறைசொல்லவில்லை. அந்தத் தாயின் தோட்டை மீட்டுக் கொடுத்தோம். ஆனால் அவர் இன்றும் மகனுக்காகக் கேட்கும்போது நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மறையுரைக்குமுன் கோயில்பிள்ளையிடம் அனுமதி கேட்டிருந்தோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னார்: "சொல்லுங்க சாமி. ஆனா அந்த ரெண்டு மாசம் நான் நல்லாத் தூங்கினேன்." இதற்கு என்ன விடை சொல்வதென்று அன்றும் தெரியவில்லை.

2024 டிசம்பரில் அடுத்த சோதனை. அதே விடியற்காலைப் பேருந்து, அதே பனி. இப்போது இரண்டு கையும் மெலிந்திருந்தன. பேச்சு சற்றுக் குழறியது. மெழுகுவர்த்தியைப் பேரன் ஏற்றுகிறான். இவர் பக்கத்தில் நின்று கண்ணால் ஆணையிடுகிறார். முதிய மருத்துவரின் சிறிய மருத்துவமனையில் அன்று காலை மின்சாரம் இல்லாததால் வெந்நீர் போட வழியில்லை என்று செவிலியர் வருந்தினார். கையைச் சூடாக்கிக்கொண்டு இருங்கள், மின்சாரம் வந்ததும் அழைக்கிறோம் என்றார். பெஞ்சில் அமர்ந்து, அவருடைய வலக்கையை நம் இரு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் செபம் சொல்கிறோம் என்று எண்ணியிருக்கலாம். நாம் செபம் சொல்லவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் கழித்துச் செவிலியர் வந்து அவர் புறங்கையில் வெப்பமானியை வைத்தார். முப்பத்திரண்டரை காட்டியது. "போதும், உள்ளே வாங்க" என்றார்.